குட்டி யானையும் குடும்பக் கணக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

எங்களுக்கு முன்னர்ப் பேசிய புலவர் அவர்கள் சிலப்பதிகாரத்தின் நயங்களை எடுத்துக் கூறி உங்களை மகிழ்வித்தார்கள். அத்தகைய புலமையை எங்களிடம் எதிர்பார்க்க வேண்டா. பத்தாம் வகுப்பில் தேறியதோடு எங்கள் படிப்பு நின்றது. பெங்களூர் இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் இரசீது எழுதியும் எடை சரிபார்த்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. 'எதைப் பற்றிப் பேசுவது?' என்று செயலாளரைக் கேட்டபோது, 'உங்கள் வீட்டு வண்டி விவகாரத்தையே பேசுங்கள். குடியிருப்பில் பாதிப்பேர் அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறார்கள்' என்றார். அவர் சொன்னது உண்மை. தண்ணீர்க் குழாயடியில் பேசப்படும் செய்தியைச் சற்றுத் திருத்தமாக மேடையிலேயே சொல்லிவிடுவது நலம் என்று எங்களுக்கும் தோன்றிற்று.

எங்கள் இல்லத்தரசியின் தம்பி, அதாவது எங்கள் மைத்துனர், ஸ்ரீராம்புரத்தில் வாடகை வீட்டில் வாழ்பவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. பதினோராண்டுகளாகப் பிறருடைய சரக்கு வண்டியை ஓட்டி வந்தார். விடியற்காலை மூன்று மணிக்குக் கலாசிப்பாளையம் காய்கறிச் சந்தையில் வண்டியை நிறுத்துவார். ஏழு மணிக்குள் மூட்டைகளைக் கடைகளில் சேர்ப்பார். பின்னர்ப் பொழுது சாயும் வரை கிடைத்த சுமையை ஏற்றுவார். மாதச் சம்பளம் 16,000 ரூபாய். சென்ற ஆண்டு சித்திரை முதல் நாளன்று எங்கள் வீட்டில் உண்டு முடித்துக் கை கழுவியவர், துண்டால் துடைத்தபடியே, 'மாமா, நான் ஓட்டிய ஓட்டத்தில் எங்கள் முதலாளி மூன்று வண்டி வாங்கிவிட்டார். எனக்கென்று ஒரு சக்கரங்கூட இல்லை. பழைய குட்டி யானை ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?' என்று கேட்டார்.

அவர் கேட்டது கருத்து மட்டுமே. ஆயினும் கருத்துக் கேட்பவரின் பின்னால் பணமும் வந்து நிற்கும் என்பதை உலகியல் அறிந்த யாரும் அறிவர். எங்களிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று வங்கியில் போட்டுவைத்த வைப்புத்தொகை. மற்றொன்று, இல்லத்தரசியின் ஐந்து பவுன் சங்கிலி. அச்சங்கிலி மறைந்த அவர் தாயாரின் கழுத்தில் கிடந்தது. தம்பிக்கும் அதில் பங்குண்டு என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்தாவது பேசியிருப்போம்.

குட்டி யானை என்பது யாது என்று நம் குழந்தைகளுக்குக்கூட விளக்க வேண்டுவதில்லை. டாட்டா நிறுவனத்தின் ஏஸ் என்னும் அச்சிறு சரக்கு வண்டி 2005-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. இரண்டே சிலிண்டர்கள் கொண்ட 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. அதுவரை மூன்று சக்கர ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் இடையே சிறு தொழிலாளி எட்டிப் பிடிக்கத்தக்க வண்டி அரிதாகவே இருந்தது. வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நம்மவர் குட்டி யானை என்றார்கள். பின்னர் 2011-இல் அசோக் லேலண்டு நிறுவனத்தார் நமக்கு அண்மையிலுள்ள ஓசூரில் செய்த 'தோஸ்த்' வண்டியை வெளியிட்டார்கள். அது ஒன்றேகால் டன் சுமக்கும். எங்கள் பார்சல் அலுவலக வாசலில் இவ்வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். பார்ப்பவருக்கு ஒரு மயக்கம் உண்டாகும்: இத்தனை வண்டி ஓடுகிறதே, இதில் நட்டம் எங்கே வரப்போகிறது என்று. நட்டப்பட்டவரின் வண்டி வாசலுக்கு வருவதில்லை. அதனால் அது நம் கண்ணிற் படுவதுமில்லை.

சட்டமும் இச்சிறு வண்டிக்கு ஓரளவு இடங்கொடுக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பர்மிட் தேவையில்லை. ஏஸ் வண்டி சுமையோடு சேர்த்தும் அவ்வெல்லைக்குள் அடங்கும். கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர் இதனை ஓட்டலாமா என்ற வழக்கு நெடுங்காலம் இழுத்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வண்டியாயின் தனிக் குறிப்பு வேண்டாம் என்று தீர்ப்பளித்தது. மைத்துனரிடம் உரிமம் முறையாகவே இருந்தது. ஆகவே அத்தடை எங்களுக்கு இல்லை.

நிற்க. முதலில் பார்த்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஓசூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தது. தமிழ்நாட்டுப் பதிவு, 2011-ஆம் ஆண்டு வண்டி, தரகர் சொன்ன விலை 1,65,000 ரூபாய். மைத்துனர் முந்திய நாளே போய்ப் பார்த்துவிட்டு, 'பொன் போல இருக்கிறது மாமா' என்றார். எங்களுக்கோ இயந்திர ஞானம் இல்லை. ஆதலால் கிருஷ்ணராஜபுரம் டீசல் எஞ்சின் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, நம் குடியிருப்பின் கடைசி வரிசையில் வாழும் பெரியவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்; பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

வண்டி புத்தம்புதிய நீல வண்ணத்தில் பளபளத்தது. இருக்கைக்குப் புதிய உறை, முன்கண்ணாடியில் முருகப்பெருமான் படம், சந்தன மணம். பெரியவர் இவற்றில் எதனையும் பார்க்கவில்லை. இருக்கையைத் தூக்கிவிட்டு, கீழே இருந்த எஞ்சினின்மேல் புறங்கையை வைத்தார். 'சுடுகிறதே' என்றார். நாங்கள் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். அதற்கு முன்பே அதனை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சூடேறிய எஞ்சின் எதுவும் எளிதில் கிளம்பிவிடும். இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த எஞ்சினே உள்ளதை உள்ளபடி சொல்லும் என்பது அவர் பாடம். 'இரண்டு மணி நேரம் ஆறட்டும். நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம்' என்று எங்களைக் கடைக்கு நடத்திச் சென்றார்.

திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது வண்டி நான்காம் முறைதான் உயிர்பெற்றது. பின்னால் நீலம் பாய்ந்த புகை வந்தது. கரும்புகையாயின் காற்று வடிகட்டியோ டீசல் தெளிக்கும் முனையோ கெட்டிருக்கலாம். சிறு செலவில் தீரும். வெண்புகை நிற்காமல் வருமாயின் தண்ணீர் உள்ளே புகுகிறது என்று ஐயுற வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். அத்துளையிலிருந்து மூச்சு வாங்குவதுபோல் 'புஸ் புஸ்' என்று காற்று வந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தமைக்கு அது சான்றாம்.

பிறகு அவர் தரையில் ஒரு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். எழுபது வயதில் அவ்வாறு படுத்தவரைக் கண்டு தரகருக்கே முகம் மாறிற்று. சரக்குத் தட்டுக்குக் கீழே சட்டத்தின்மேல் புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். திருப்புளியால் தட்டியபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பின்பக்கத்துப் பட்டை வில்லில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தார்கள். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றியவர் செய்யும் வேலை அது. முன் டயர்கள் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தன. மீட்டரில் 48,000 கிலோமீட்டர் என்று காட்டிற்று. ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. 'நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு மனிதன் காலை இத்தனை முறை வைத்திருக்க முடியாது' என்றார் பெரியவர். மீட்டரைத் திருத்தலாம், ஓட்டியவனின் காலடியைத் திருத்த முடிவதில்லை.

இதற்குள் எங்கள் மகள் கைப்பேசியில் அரசின் பரிவாஹன் தளத்தைத் திறந்து பதிவெண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டாள். தகுதிச் சான்று காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வண்டியின்மேல் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் பதிவில் இன்னும் நின்றது. தரகர், 'அதெல்லாம் ஒரு வாரத்தில் முடித்துத் தந்துவிடுகிறேன் சார். இன்று முன்பணம் மட்டும் கொடுங்கள்' என்றார்.

அந்த 'ஒரு வாரத்தில்' அடங்கியிருப்பவை எவை என்று அன்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். எழுத்தர் வேலை இதற்காவது பயன்பட்டது. கடன் தீர்ந்ததென்று நிதி நிறுவனம் கடிதம் கொடுத்து, 35-ஆம் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் 29, 30-ஆம் படிவங்களை நிரப்ப வேண்டும். வேறு மாநிலத்து வண்டி ஆதலால் 28-ஆம் படிவத்தில் அவ்வூர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்று, கர்நாடகத்தில் வரி கட்டி, புதிய பதிவெண் பெற வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை மாற்றப் பதினான்கு நாளே தவணை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், எப்போதோ விற்றுவிட்டேன் என்று பழைய உரிமையாளர் தப்ப முடியாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிவிட்டது. விற்கும் அன்பர்களும் இதை நினைவில் வைக்க.

எங்கள் தந்தையார் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உழவுமாடு வாங்குவதைச் சிறுவயதில் உடனிருந்து பார்த்திருக்கிறோம். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; சுழி பார்ப்பார்; நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்குள் கையை விட்டுத் தரகர் விரலைப் பிடித்து விலை பேசுவார். அத்தனையும் பார்த்து வாங்கிய மாடே ஒருமுறை ஏரில் பூட்டியதும் படுத்துக்கொண்டது. விற்றவனுக்கு அது முன்னமே தெரியும். வாங்கியவருக்கு வயலில்தான் தெரிந்தது. இதனை மகளிடம் சொன்னபோது, வணிகவியல் படிக்கும் அவள், 'அப்பா, இதையே எழுதி ஒருவர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்' என்றாள். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் என்பவர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பழுதான வண்டிக்கு அந்நாட்டார் பேச்சில் எலுமிச்சை என்று பெயராம். எது நல்லது, எது எலுமிச்சை என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் அச்சத்தால் நடுத்தர விலையே கேட்பான். அவ்விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மனமின்றி விலகுவான். எலுமிச்சை வைத்திருப்பவன் மகிழ்ந்து முன்வருவான். முடிவில் சந்தையில் எலுமிச்சைகளே மிஞ்சும். அகர்லாஃபுக்கு 2001-இல் வேறு இருவரோடு பரிசு கிடைத்தது. நாமோ வண்டி வாங்கிய அன்றே நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். முன்யோசனையில் நாம் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.

இதற்கு மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் இரயில்வேயிலேயே அது கண்முன் நிற்கிறது. பெரம்பூர் தொழிற்சாலையில் பழைய முறையில் செய்த நீலப் பெட்டிகளுக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயுள் வகுத்திருந்தார்கள். இருபது வயதான பெட்டியிலும் நாம் அஞ்சாமல் ஏறிப் படுத்துறங்கி ஊர் போய்ச் சேர்ந்தோம். ஏன்? அப்பெட்டி எப்போது பணிமனையில் பிரித்துப் பழுது பார்க்கப்பட்டது, மறுபடி எப்போது போக வேண்டும் என்னும் இரண்டு தேதிகளும் அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருந்தன. வயதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வரலாறு இல்லாமையைக் கண்டே அஞ்ச வேண்டும். நீல வண்ணம் பூசிய அந்தக் குட்டி யானைக்கு வரலாறு இல்லை. இருந்த வரலாற்றின் மேலும் சாயம் அடித்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சொன்னது எளிது; அதன்பின் வந்த மூன்று வாரங்கள் எளியவை அல்ல. மைத்துனர் வீட்டுப் பக்கமே வரவில்லை. 'மாமாவுக்குப் பணம் கொடுக்க மனமில்லை. அதற்குப் பெரியவரைக் காரணம் காட்டுகிறார்' என்று யாரிடமோ சொன்னாராம். அச்சொல் இரண்டே நாளில் எங்கள் காதுக்கு வந்தது. இல்லத்தரசியார் எங்களோடு பேசினார். ஆனால் தேவைக்கு மட்டும் பேசினார். அவர் உண்மையிலேயே ஐயுறுகிறாரோ என்று எண்ணி நாங்களும் எங்களைச் சோதித்துப் பார்த்தோம். அச்சொல்லில் சிறிது மெய் இருக்கத்தான் செய்தது. வண்டி கெட்டதென்று தெரிந்தபோது எங்களுக்கு வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை.

அந்த நிம்மதியே எங்களை உறுத்திற்று. ஒரு மாலை ஸ்ரீராம்புரம் சென்று மைத்துனரைக் கண்டோம். 'வண்டி வாங்குவது பிறகு. உனக்கு நாள்தோறும் சுமை கிடைக்குமா என்பதை முதலில் பார்ப்போம். மூன்று மாதம் ஒரு வண்டியை வாடகைக்கு எடு; கணக்கை நாங்கள் எழுதுகிறோம். வாடகை நட்டப்பட்டால் பாதி எங்களுடையது' என்றோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'கணக்கு நோட்டு நீங்களே வாங்கி வாருங்கள் மாமா' என்றார்.

மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு ஒரு குட்டி யானை கிடைத்தது. தொடங்கியதோ ஆனி மாதம்! ஊரில் இருப்போர்க்கு ஆடி ஒன்றே மந்தம். பெங்களூர் வாழ் தமிழர்க்கு அதற்கு முன்பே கன்னடத்தாரின் ஆஷாடம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து ஏறத்தாழ ஏழு வாரம் யாரும் வீடு மாறுவதில்லை, திருமணம் இல்லை, புதுமனை புகுவதில்லை. வீட்டுச் சாமான் ஏற்றும் வேலை அடியோடு நின்றது. ஆனால் வரமகாலட்சுமி நோன்புக்கு முந்திய மூன்று நாட்கள் கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் பூக்கடைகள் அவரை உறங்கவிடவில்லை. ஆவணியில் விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார்கள் வண்டி வண்டியாய்ச் சென்றார்கள்.

தொண்ணூறு நாட் கணக்கு இது. சுமை கிடைத்த நாட்கள் 61. வண்டி சும்மா நின்ற நாட்கள் 29. மொத்த வரவு 1,46,400 ரூபாய். டீசலுக்கு 38,700. பஞ்சர், நிறுத்தக் கட்டணம், ஏற்றுகூலி, அபராதம் ஆகியவற்றுக்கு 9,300. அபராதத்தில் இரண்டு, சரக்கு வண்டிகளுக்குத் தடையுள்ள நேரத்தில் நகரச் சாலையில் நுழைந்தமைக்கு. வண்டி வாடகை 45,000. எல்லாம் போக நின்றது 53,400, மாதத்துக்கு 17,800. முதலாளியிடம் வாங்கிய சம்பளத்தைவிட 1,800 ரூபாய் கூடுதல். மந்தமான பருவத்திலேயே இவ்வளவு என்று மைத்துனர் மகிழ்ந்தார். விடுமுறை இல்லை, உடல் நோவுக்கு நாள் இல்லை என்று அவர் மனைவியார் சொன்னார். இருவர் சொன்னதும் கணக்கில் சேரத்தக்கதே.

இப்போது வாடகையை எடுத்துவிட்டுச் சொந்த வண்டி என்று வைத்துப் பாருங்கள். ஆண்டு வாடகை 1,80,000 மிச்சமாகும். ஆனால் காப்பீடு உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 16,049 ரூபாய், வரி தனி. எட்டு வயது வரையில் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். பதினைந்து வயதைக் கடந்தால் அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்துவிட்டது. டயர், பாட்டரி, கிளட்ச் எல்லாம் சேர்த்துப் பெரியவர் ஆண்டுக்கு 50,000 ஒதுக்கச் சொன்னார். எல்லாம் போக ஆண்டுக்கு ஓர் இலட்சம் போல மிஞ்சும் என்பது எங்கள் மதிப்பு. எனவே இரண்டேகால் இலட்சத்துக்கு மேற்படாத விலையில், இன்னும் ஐந்தாறு ஆண்டு உழைக்கத்தக்க வண்டி கிடைத்தால் வாங்கலாம். ஒன்றரை இலட்சத்துக்குக் கிடைத்தாலும் நீலப்புகை விடுவது வேண்டாம்.

'புதிதே வாங்கிவிட்டால் என்ன?' என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. 2025 ஜூன் மாதத்தில் டாட்டா நிறுவனத்தார் ஏஸ் புரோ என்னும் வண்டியை 3.99 இலட்சம் தொடக்க விலையில் வெளியிட்டார்கள். அதுவும் முக்கால் டன் சுமக்கும். செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கத்தானே வேண்டும்! தரகர்கள் மட்டும் அச்செய்தியை இன்னும் படிக்கவில்லை போலும். ஆயினும் புதிய வண்டிக்கு மாதத் தவணை உண்டு. சுமை கிடைக்காத அந்த 29 நாட்களிலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். கடனில்லாத பழைய வண்டி ஆடி மாதம் வாசலில் நின்றால் நம்மிடம் எதுவும் கேளாது. மைத்துனரின் நிலைக்குப் பழையதே பொருந்தும் என்று முடிவு செய்தோம்.

வண்டி யார் பெயரில் என்பது அடுத்த சிக்கல். 1966-ஆம் ஆண்டின் இரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, அனுமதியின்றி நாங்கள் தொழில் நடத்தலாகாது. ஆகவே வண்டி மைத்துனர் பெயரில்தான் இருக்க முடியும். பணம் எங்களுடையது, பெயர் அவருடையது. நண்பர் ஒருவர், 'ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்' என்றார். இல்லத்தரசியார் அதைக் கேட்டுவிட்டு, 'எழுதுங்கள்; ஆனால் தம்பியே எழுதட்டும்' என்றார். மைத்துனர் தம் கையாலேயே கணக்கு நோட்டின் முதற்பக்கத்தில், யார் எவ்வளவு கொடுக்கிறார், மாதம் எவ்வளவு திருப்பித் தருவது என்று எழுதினார். எழுத்துப் பிழைகள் இருந்தன, நாங்கள் திருத்தவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வண்டி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே நம் குடியிருப்பினர் சிலர், 'ஆடிக் கிருத்திகைக்கு எல்லோரும் அதிலேயே திருத்தணி போய்விடலாமே' என்று அன்போடு கேட்டார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பு. சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ அல்லாமல், அவ்வண்டியில் இலவசமாய்ச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. திருவிழாவுக்குப் போன வண்டிகள் கவிழ்ந்த செய்தியை நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆகையால் இப்போதே சொல்லிவிடுகிறோம்: உங்கள் பீரோவையும் கட்டிலையும் குறைந்த வாடகைக்கு ஏற்றுவார், உங்கள் குழந்தைகளை ஏற்ற மாட்டார். அதற்காக யாரும் மனவருத்தம் கொள்ளலாகாது.

இப்போது ஒரு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஏஸ், கே.ஏ. 02 என்று தொடங்கும் இராஜாஜிநகர்ப் பதிவு. உரிமையாளர் ஒருவரே, பூ வியாபாரம் செய்யும் கன்னடப் பெரியவர், அரைத் தமிழில் இனிமையாகப் பேசினார். பெரிய வண்டி வாங்கியதால் இதனைக் கொடுக்கிறாராம். எங்களைக் கவர்ந்தது வண்டியன்று. அவர் உள்ளே போய் எடுத்து வந்த ஒரு பிளாஸ்டிக் பை. அதில் எண்ணெய் மாற்றிய பில், கிளட்ச் போட்ட பில், டயர் பில் எல்லாம் ஆண்டு வாரியாக நூலிட்டுக் கட்டப்பட்டிருந்தன. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. முதல் முறையிலேயே கிளம்பிற்று. கடன் இல்லை, தகுதிச் சான்று வரும் ஆடி வரை உண்டு. வண்ணம் மங்கி, கதவில் இரண்டு நெளிவுகள். குறை ஒன்று: கியர் பெட்டியின் அடியில் எண்ணெய்க் கசிவு, இரண்டாம் கியர் விழும்போது ஒரு கரகரப்பு. அன்று நம் பெரியவர் ஊரில் இல்லை. அது சில நூறு ரூபாய் சீலா, பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அவர் கேட்ட விலை 2,60,000. நாங்கள் சொன்னது 2,25,000. அவர் இப்போது 2,45,000-இல் நிற்கிறார். மைத்துனரின் சீட்டுப் பணம் 1,10,000 கைக்கு வந்துவிட்டது. அதில் 40,000 ரூபாயை வாங்கிய பின்வரும் செலவுக்கென்று தொடாமல் வைக்கிறோம். மகளின் மீதிப் படிப்புக்குரிய கட்டணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, வைப்புத்தொகையில் ஓர் இலட்சம் எடுக்கலாம். எஞ்சியதற்குச் சங்கிலியை விற்கப்போவதில்லை; அடகு மட்டுமே. விலை இறங்க இறங்க அந்தச் சங்கிலி கழுத்துக்கு அருகில் வரும் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறோம். அதனால் இப்போதெல்லாம் விலை பேசுவதில் எங்களைவிட அவரே கடுமையாக இருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியை இரண்டாம் முறை பார்க்கச் செல்கிறோம். முன்வரிசைப் பெரியவர் கோணியோடு வர இசைந்துவிட்டார். கியர் பெட்டியைப் பற்றி நன்கறிந்தவர் நம் குடியிருப்பில் வேறு எவரேனும் இருந்தால் அன்புகூர்ந்து உடன் வாருங்கள். ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் காப்பி தயாராக இருக்கும்.